ஓ.சி.டி.க்கு மூளை அறுவை: என் சிந்தனைக்கு என்ன ஆனது

நான் பிழைதிருத்துகிறவன். அச்சுக்குப் போகுமுன் பக்கங்களைப் படித்து, விட்டுப்போன ஒற்றையும் இடம் மாறிய கொம்பையும் பிடிப்பதுதான் வேலை. அதே நேரம், 16 ஆண்டுகளாக எனக்கு ஓ.சி.டி. எனப்படும் எண்ணச் சுழற்சி நோயும் இருந்தது. படித்த வரியைச் சரியாகப் படித்தேனா என்று சந்தேகம் வரும். திரும்பப் படிப்பேன். அந்தத் திரும்பப் படித்ததிலும் சந்தேகம் வரும். பூட்டு, குழாய், அடுப்பு எல்லாவற்றிலும் இதே கதை. கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒரு பக்கத்தை முடிக்க அரை மணி நேரம் போய், வாங்கிய வேலைகளைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தேன்.

மண்டையைத் திறக்காமல் காமா கதிர்களைக் குவித்துச் செய்யும் காமா நைஃப் முறையில், கேப்சுலாட்டமி என்ற மூளை அறுவையைச் செய்துகொண்டு இப்போது மூன்று ஆண்டுகள் முடிந்துவிட்டன. விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "மூளை மழுங்கிடாதா?" நானும் இதைத்தான் கேட்டேன். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இந்த அறுவை யாருக்கும் முதல் வழி இல்லை, இரண்டாம் வழியும் இல்லை. செரோடோனின் வகை மாத்திரைகள் மூன்றை ஒன்றன்பின் ஒன்றாக உச்ச அளவில், ஒவ்வொன்றையும் மூன்று மாதங்களுக்குக் குறையாமல் எடுத்தேன். அப்புறம் குளோமிப்ரமின். அதோடு ரிஸ்பெரிடோன் சேர்த்தார்கள். பயத்தை எதிர்கொண்டு, திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழகும் இ.ஆர்.பி. பயிற்சியும் இரண்டு சுற்று முடித்தேன். இவ்வளவுக்குப் பிறகும், ஓ.சி.டி.யின் தீவிரத்தை அளக்கும் யேல்-பிரவுன் அளவுகோலில் என் மதிப்பெண் 40க்கு 35. அதில் 32ஐத் தொட்டாலே மிகத் தீவிரம் என்று கணக்கு. அந்தக் கட்டத்தில்தான் மருத்துவர் அறுவை பற்றிப் பேச்செடுத்தார்.

அம்மா அழுதாள். அவள் மனத்தில் இருந்தது லோபாட்டமி. போர்ச்சுகல் மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1935இல் தொடங்கி, 1949இல் நோபல் பரிசும் வாங்கிய சிகிச்சை அது. முன்மூளையின் இணைப்புகளை அகலமாக, கண்ணால் பாராமலே அறுத்த காலம். எத்தனையோ பேர் உயிரோடு இருந்தும் தாங்களாக இல்லாமல் போனார்கள். அம்மாவின் பயத்தை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். இன்று செய்வது அதுவல்ல என்பது உண்மை. எம்.ஆர்.ஐ. படத்தை வைத்துக் குறி பார்த்து, இருபுறமும் சில மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் காயம் உண்டாக்குகிறார்கள். ஆனால் குறி வைக்கிற இடமும் முன்மூளையோடு தொடர்புள்ளதுதான்.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்மூளையின் அடிப்பகுதியும் நடுப்பகுதியும், உள்ளே இருக்கும் ஸ்ட்ரையேட்டமும் தலாமஸும் ஒரு வளையம்போல இணைந்திருக்கின்றன. ஓ.சி.டி.யில் இந்த வளையம் ஓயாமல் சுற்றுகிறது. "இன்னும் சரியாகவில்லை, இன்னும் சரியாகவில்லை" என்கிற சேதி நிற்பதே இல்லை. தலாமஸுக்கும் முன்மூளைக்கும் இடையே ஓடும் இழைகள் உட்கேப்சூல் என்ற கற்றையின் முன்பகுதி வழியாகப் போகின்றன. அவற்றில் சிலவற்றைத் துண்டிப்பதுதான் கேப்சுலாட்டமி. சிக்கல் என்னவென்றால், திட்டமிடுவதும், ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதும், எழுந்து ஒரு வேலையைத் தொடங்குவதும் இதே வளையத்தின் பொறுப்பு. ஆகவே சந்தேகத்தை மட்டும் அறுத்து மற்றதை அப்படியே விட முடியுமா என்று கேட்பது மிகச் சரியான கேள்வி.

என் மருத்துவர் மறைக்கவில்லை. ஸ்வீடனில் 1988 முதல் 2000 வரை கேப்சுலாட்டமி செய்துகொண்ட 25 பேரைச் சராசரியாக 11 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்து 2008இல் வெளியிட்ட ஆய்வை அவரே எடுத்துக் காட்டினார். 12 பேருக்கு நோய் கணிசமாகக் குறைந்திருந்தது. ஆனால் 10 பேருக்குத் திட்டமிடுதல், முனைப்பு, கட்டுப்பாடு இவற்றில் குறிப்பிடத்தக்க பிரச்சினை. அந்தப் பத்தில் 6 பேர் அதிகக் கதிரளவு பெற்றவர்கள், அல்லது ஒரு தடவைக்கு மேல் அறுவை செய்துகொண்டவர்கள். முதல் ஆண்டில் சராசரியாக 6 கிலோ எடை கூடியிருந்தது. இதைக் கேட்டுவிட்டுத்தான் என் கேள்விகள் கூர்மையாயின. எத்தனை கதிரளவு, ஒரே தடவையா, முதல் தடவையில் பலன் இல்லையென்றால் என்ன செய்வீர்கள், மூளையில் வீக்கம் வந்தால் என்ன மருந்து, யார் பார்ப்பார்கள்? நீங்களோ உங்கள் வீட்டாரோ இந்த நிலையில் இருந்தால், "ஆபத்தா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். இந்த ஐந்தையும் கேளுங்கள்.

ஓ.சி.டி. உள்ளவன் சம்மதம் கொடுப்பது ஒரு தனிப் போராட்டம். நான் அதே கேள்வியை நாற்பது தடவை கேட்டிருப்பேன். மருத்துவர் ஒருநாள் என் கேள்விகள் அனைத்துக்கும் ஒரே தாளில் பதில் எழுதிக் கையில் கொடுத்தார். "பொது அறிவுத்திறனும் ஞாபகமும் குறைய வாய்ப்புக் குறைவு. முனைப்புக் குறையலாம். உங்களுக்குக் குறையுமா என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது." இனிமேல் இதே கேள்விக்கு வாயால் பதில் சொல்ல மாட்டேன், தாளைப் பாருங்கள் என்றார். அன்றைக்குக் கோபம் வந்தது. இப்போது நினைத்தால், என் நோயைச் சரியாகப் புரிந்துகொண்டு ஒருவர் நடந்துகொண்டது அதுதான்.

டி.பி.எஸ். ஏன் வேண்டாம் என்றேன் என்றும் கேட்பார்கள். மூளைக்குள் மின்முனை வைத்து, மார்புத் தோலுக்கு அடியில் பேட்டரி வைக்கும் முறை அது. ஓ.சி.டி.க்கு அதைப் பயன்படுத்தியதாக முதலில் 1999இல் பெல்ஜியத்திலிருந்து செய்தி வந்தது. அதில் பெரிய நன்மை, மின்னளவைக் கூட்டிக் குறைக்கலாம், அணைத்தும் வைக்கலாம். சிந்தனை கெட்டுவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 2019இல் லண்டன் ஆய்வாளர்கள் ஆறு பேருக்கு இரண்டு இடங்களில் மின்முனை வைத்து ஒப்பிட்டார்கள். நோய் இரண்டிலும் குறைந்தது. ஆனால் தலாமஸுக்குக் கீழே உள்ள சப்தலாமிக் உட்கருவில் தூண்டியபோது மனம் ஒரு விதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது எளிதானது. மற்ற இடத்தில் தூண்டியபோது மனச்சோர்வு குறைந்தது. இடம் மாறினால் சிந்தனையில் தெரியும் விளைவும் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் படிக்கவில்லை. எனக்கு ஒரே தடை: உடம்புக்குள் ஒரு கருவி இருந்தால், அது ஓடுகிறதா என்று நாள் முழுக்கச் சோதித்துக்கொண்டிருப்பேன். மருத்துவர் அதை நியாயமான காரணமாகவே எடுத்துக்கொண்டார்.

அறுவைக்கு முந்தின வாரம் நான்கு மணி நேரம் நரம்பு உளவியலாளரிடம் உட்கார்ந்தேன். இதை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. ஒரு பரிசோதனையில் சீட்டுகளை அடுக்கச் சொன்னார். நிறப்படியா, வடிவப்படியா, எண்ணிக்கைப்படியா என்று சொல்ல மாட்டார். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு என்று மட்டும் சொல்வார். தொடர்ந்து 10 சரியானதும் சொல்லாமலே விதியை மாற்றிவிடுவார். பழைய விதியை எவ்வளவு நேரம் பிடித்துத் தொங்குகிறோம் என்று பார்ப்பதுதான் நோக்கம். நான் நன்றாகவே தொங்கினேன். இன்னொன்று, 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் அச்சிட்டு, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது. ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்ல முடியும் என்பது மற்றொன்று. 17 சொன்னேன். கடைசியாகச் சிக்கலான ஒரு கோட்டுப் படத்தைப் பார்த்து வரைந்தேன், அரை மணி கழித்து நினைவிலிருந்து வரையச் சொன்னார். பாதிகூட வரவில்லை.

பதறிப்போய், "இப்பவே ஞாபகம் போயிடுச்சா மேடம்?" என்று கேட்டேன். "ஞாபகம் போகலை. நீங்க முதல்ல பெரிய செவ்வகத்தைப் பார்க்கவே இல்லை. மூலையில இருக்கிற சின்னக் கோட்டுல ஆரம்பிச்சு, ஒவ்வொண்ணா சரிபார்த்துட்டே போனீங்க. முழுசாப் பார்க்காததை எப்படி நினைவு வைக்க முடியும்?" என்றார். அறுவை என் சிந்தனையைத் திருடிவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். நோய் ஏற்கெனவே எவ்வளவு திருடிவிட்டிருந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

அவர் இரண்டு வேலை கொடுத்தனுப்பினார். ஒன்று, என் தொழிலிலேயே ஓர் அளவு எடுத்துவைப்பது. கூட வேலை செய்யும் நண்பர் 20 பக்கங்களில் 40 பிழைகளை ஒளித்துக் கொடுத்தார். 9 மணி நேரத்தில் 36 பிடித்தேன். மற்றொன்று என் மனைவிக்கு: யாரும் சொல்லாமல் நான் தானாகச் செய்கிற காரியங்களைப் பட்டியல் போட வேண்டும். ஒரு வாரம் கவனித்து அவள் 23 எழுதினாள். தங்கைக்கு ஞாயிற்றுக்கிழமை போன் செய்வது, மகளின் பென்சில்களைச் சீவி வைப்பது, மழை இருட்டினால் காயும் துணியை எடுத்து உள்ளே போடுவது என்று எல்லாமே சின்னச் சின்னது. எதற்கு இந்தப் பட்டியல் என்று அப்போது புரியவில்லை.

அறுவை நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போகும் ஊசி போட்டுத் தலையில் ஒரு சட்டத்தைத் திருகினார்கள். அதுதான் வலி. மண்டையைத் திறப்பதில்லை, பல கோணங்களிலிருந்து வரும் மெல்லிய காமா கதிர்கள் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். எதுவும் மாறவில்லை. கதிர் உண்டாக்கும் காயம் முதிர மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்த மாதங்கள் கொடுமையானவை, "அறுவையும் வீண்தானா" என்று தினமும் தோன்றும். அந்த நேரத்தில் நோயாளியைத் தனியாக விடக் கூடாது.

நான்காம் மாதம் தலைவலி வந்தது. எம்.ஆர்.ஐ.யில் காயத்தைச் சுற்றி வீக்கம். ஸ்டீராய்டு கொடுத்தார்கள், தலைவலி இறங்கியது. ஆனால் அந்தச் சமயத்தில் வேறொன்றும் நடந்தது, அதை நான் கவனிக்கவே இல்லை. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மதியம்வரை அப்படியே இருப்பேன். வருத்தமில்லை, பயமில்லை, களைப்பும் பெரிதாக இல்லை. எழத் தோன்றவில்லை, அவ்வளவுதான். "ஏங்க, பட்டியல்ல இருக்கிற 23ல நீங்க இப்ப நாலுதான் செய்யறீங்க" என்று மனைவி சொன்னாள். "அப்படியா" என்றேன். அந்தப் பதிலில்தான் தான் உடைந்துபோனதாகப் பிறகு சொன்னாள்.

அதே காலத்தில் ஓர் எழுத்தாளரிடம், பலர் முன்னிலையில், அவருடைய கையெழுத்துப் பிரதி அச்சேறத் தகுதியற்றது என்று சொல்லிவிட்டேன். வேறு எப்போதும் நான் அப்படிப் பேசியதில்லை. மன்னிப்புக் கேட்கவும் மனைவிதான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. ஆகவே முதல் ஒரு வருடம் சொத்து, கடன், வேலையை விடுவது என்று எந்தப் பெரிய முடிவும் எடுக்க வேண்டாம். எடுத்தே ஆக வேண்டுமென்றால் நம்பிக்கையான ஒருவரின் சம்மதத்தோடு எடுங்கள். இதை அறுவைக்கு முன்பே பேசி எழுதி வைப்பது நல்லது. பின்னால் சொன்னால் ஏறாது.

ஆறாம் மாதம் மறுபரிசோதனை. நண்பர் வேறு 20 பக்கங்களில் வேறு 40 பிழைகள் கொடுத்தார். 3 மணி நேரத்தில் முடித்துவிட்டேன்! கிடைத்தவை 29. தப்பிப்போன 11ஐக் காட்டியபோது, எனக்கு உறுத்தவே இல்லை. முன்பு ஒரு காற்புள்ளிக்காகத் தூக்கம் கெட்டவன் நான்.

ஒருவர் தவறு செய்த பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் மூளை மின்பதிவில் ஓர் அலை எழும் என்பது வெகுநாளாகத் தெரிந்த விஷயம். அந்த அலை ஓ.சி.டி. உள்ளவர்களிடம் சராசரியாகப் பெரிதாக இருக்கும். தவறு என்று சொல்லும் மணி எங்களுக்கு உரக்க அடிக்கிறது, தவறே இல்லாதபோதும் அடிப்பதாகத் தோன்றுகிறது. எனக்கோ அந்த மணிதான் சோறு போட்டது என்று ஒரு நினைப்பு. மணியை நிறுத்தினால் வேலையும் போய்விடும் என்பதுதான் என் அடிமனத்துப் பயம். ஆறாம் மாதத்தில் அந்தப் பயம் நிஜமானது போலத்தான் இருந்தது, ஆனால் பயப்படவும் எனக்கு முனைப்பில்லை.

உளவியலாளரின் அறையில் கதை வேறு. மை நிறம் சொல்லும் பரிசோதனையில் முன்பைவிட வேகம். கோட்டுப் படம் போன்ற இன்னொரு படத்தைக் கொடுத்தார், ஏறக்குறைய முழுதாக வரைந்தேன். விலங்குப் பெயர்கள் 11ஆக இறங்கியிருந்தன. சீட்டு அடுக்குவதில் கொஞ்சம் மோசம். மொத்தத்தில் அறிக்கை நன்றாகவே இருந்தது. மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டுல சிலை மாதிரி உட்கார்ந்திருக்கார், நீங்க நல்லா இருக்கார்ங்கிறீங்க."

அவர் அறிக்கையை மூடிவைத்துவிட்டு, மனைவி கொண்டுவந்த பட்டியலை வாங்கிப் பார்த்தார். "இங்க ஒவ்வொரு பரிசோதனைக்கும் 'ஆரம்பிங்க'ன்னு சொல்ல நான் இருக்கேன். வீட்டுல அப்படிச் சொல்ல யாரும் இல்லை. அவருக்குக் குறைஞ்சது யோசிக்கிற திறன் இல்லை, தொடங்குற திறன். அது என் தாள்கள்ல சரியா விழாது. அதுக்குத்தான் உங்க பட்டியல்" என்றார். வீக்கம் வடியும்போது கொஞ்சம் திரும்பலாம், எவ்வளவு என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

'மூளை மழுங்குமா' என்ற கேள்வியின் குறை இதுதான். சிந்தனை ஒரே பொருள் என்று நினைத்துக் கேட்கிறோம். எனக்கு ஞாபகம், வேகம், முழுமையாகப் பார்ப்பது எல்லாம் கூடின. சொல் ஊற்று சில மாதம் வற்றியது. தொடங்குவது விழுந்தது. ஒரே தலைக்குள், ஒரே மாதத்தில்.

அதற்குப் பிறகு நாங்கள் செய்தவை எளிமையானவை. தொடங்கச் சொல்லும் ஆளை வெளியே ஏற்பாடு செய்தோம். கைப்பேசியில் மணி வைத்தோம். ஆனால் 'வேலை செய்' என்று எழுதினால் பயனில்லை. 'எழுந்து மேசைக்குப் போ, சிவப்புப் பேனாவை எடு' என்று முதல் அசைவை எழுத வேண்டும். பேனா கைக்கு வந்துவிட்டால் மற்றது தானாக ஓடும். குடும்பத்தார் இதைச் சோம்பல் என்று நினைத்துத் திட்டுவது இயல்பு. என் அம்மா திட்டினாள். திட்டினால் வெட்கம்தான் வரும், முனைப்பு வராது. அருகில் வந்து, "வா கண்ணு, சேர்ந்து ஆரம்பிக்கலாம்" என்று அவள் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் நடந்தது. மனச்சோர்வும் வெளியே பார்க்க இப்படித்தான் இருக்கும் என்பதால், அதையும் மருத்துவர் தனியாகச் சோதித்து இல்லை என்று உறுதி செய்தார். அதைக் கேட்டு வாங்குங்கள், ஏனென்றால் சிகிச்சை வேறு.

ஏழாம் மாதத்திலிருந்து நோய் தளர்ந்தது. எண்ணம் வரும், ஆனால் பசைபோல ஒட்டாது. இ.ஆர்.பி. பயிற்சியை அப்போது மறுபடி தொடங்கியதுதான் எங்களுக்கு மிகப் பெரிய பலன் தந்தது. படித்த வரியை அட்டையால் மூடிக்கொண்டே போக வேண்டும், அட்டையை மேலே நகர்த்தக் கூடாது. 16 ஆண்டுகளில் முடியாதது, மூன்று வாரத்தில் வந்தது. அறுவை கதவைத்தான் திறந்தது, நடக்க வேண்டியிருந்தது. மாத்திரையும் நிற்கவில்லை. பன்னிரண்டாம் மாதம் மதிப்பெண் 19. குறைந்தது 35 சதவீதம் இறங்கினால் பலன் என்று கொள்வார்கள். எனக்கு 46 சதவீதம்.

ஓராண்டுப் பரிசோதனையில் விலங்குகள் 16 வந்தன. சீட்டும் பழைய நிலைக்கு மேலே. இங்கே எச்சரிக்கை ஒன்றையும் உளவியலாளர் சொன்னார். ஒரே பரிசோதனையை இரண்டாம் தடவை செய்யும்போது பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும். அதனால்தான் மாற்று வடிவங்களைப் பயன்படுத்துகிறார்கள். பதற்றம் குறைந்தாலும் கூடும். இடையில் எனக்கு ரிஸ்பெரிடோன் அளவைக் குறைத்திருந்தார்கள், தூக்கக் கலக்கம் போனதும் ஒரு காரணமாக இருக்கலாம். கூடியதையெல்லாம் அறுவையின் கணக்கில் எழுதக் கூடாது, குறைந்ததையும் அப்படியே.

பதினான்காம் மாதம் நண்பர் மூன்றாம் கட்டுப் பக்கங்களைக் கொண்டுவந்தார். 40 பிழைகள். 3 மணி நேரம், 37 கிடைத்தன. தப்பிய மூன்றும் உறுத்தின. அந்த உறுத்தல் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தந்தது என்று சொல்லி முடியாது. அளவான உறுத்தல், அன்று மாலையோடு போய்விட்டது. மணி ஓயாமல் அடித்த நாட்களில், ஐந்தாவது தடவை படிக்கும்போது எழுத்துகள் வெறும் கோடுகளாகத்தான் தெரிந்தன. அறுவைக்கு முன் 36 பிடித்தது என் திறமை, அந்த மணியின் தயவில் அல்ல என்பது இப்போது எனக்குத் தெரிகிறது.

எடை ஏழு கிலோ கூடியது, நான்கு இறங்கியிருக்கிறது. மூளையில் தாமதமாக நீர்க்கட்டி வர வாய்ப்பு உண்டென்பதால் எம்.ஆர்.ஐ. தொடர்ந்து எடுக்கிறோம். நலமாக இருக்கிறது என்று இதை நிறுத்திவிடக் கூடாது.

பட்டியல் இன்னும் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. 23இல் 19ஐ இப்போது தானாகச் செய்கிறேன். பதினைந்தாம் மாதம் ஒருநாள் வானம் இருட்டியபோது நான் எழுந்துபோய்த் துணியை எடுத்துவந்தேன்; மனைவி எதுவும் பேசாமல் பேனாவால் ஒரு டிக் போட்டாள். மீதி நான்கில் ஒன்றான தங்கைக்குப் போன் செய்வது இன்றும் தானாக வருவதில்லை. பேசினால் ஒரு மணி நேரம் பேசுவேன். எடுக்கத்தான் தோன்றுவதில்லை. அதனால் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவளே கூப்பிடுகிறாள்.